தற்காலிக ஏற்பாட்டுக்கு வயது முப்பது: போர்ட் ஃபார்வர்டிங் வந்த கதை

போன மாசம் ஒரு சனிக்கிழமை முழுக்க எங்கள் வீட்டு ரவுட்டரோடு மல்லுக்கட்டினேன். அந்தச் சண்டையில் தோற்றதால்தான் இந்தப் பதிவு.

விஷயம் இதுதான். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் மளிகைக் கடை நடத்தினார். அவருடைய சிட்டைகளையும் பேரேடுகளையும் ரெண்டு வருஷமாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். டொரண்டோவில் இருக்கும் அக்கா அதைப் பார்க்க ஆசைப்பட்டாள். கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்பினால் அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் ஊரில் பாதிப் பேரின் பெயரும் அவர்கள் வைத்த கடன் பாக்கியும் அந்த நோட்டுகளில் இருக்கிறது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். அதைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வைக்க மனசு வரவில்லை. வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, பாஸ்வேர்டோடு ஒரு சின்ன சர்வர் அமைத்தேன். பேரேடு வீட்டிலேயே இருக்கட்டும், அக்கா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது கணக்கு.

அதற்கு வேண்டியது போர்ட் ஃபார்வர்டிங். செய்முறை எல்லா ரவுட்டரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் லேப்டாப்புக்கு வீட்டுக்குள் மாறாத முகவரி ஒன்றை ஒதுக்க வேண்டும். நான் 192.168.1.50 கொடுத்தேன். அடுத்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, "வெளியிலிருந்து 8443 என்ற போர்ட்டுக்கு யார் வந்தாலும் 192.168.1.50-இன் 8443-க்கு அனுப்பு" என்று ஒரு விதி எழுத வேண்டும். டிசிபியா யுடிபியா என்று தேர்ந்தெடுத்து சேமித்தால் முடிந்தது. சோதிக்கும்போது வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் போய்ப் பார்க்க வேண்டும். சில ரவுட்டர்கள், உள்ளிருந்தே தன் வெளிமுகவரியைக் கேட்டால் குழம்பிவிடும்.

எல்லாம் செய்தேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

"டேய், சுத்திக்கிட்டே இருக்குடா. தொறக்கல."

விதியை அழித்து மறுபடி எழுதினேன். ஃபயர்வாலைப் பார்த்தேன். மூணு தடவை ரவுட்டரை அணைத்துப் போட்டேன். சாயங்காலம்தான் ரவுட்டரின் நிலைப் பக்கம் கண்ணில் பட்டது. வெளிமுகவரி என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் எண் இருந்தது. "என் ஐபி என்ன" என்று இணையத்தில் தேடினால் முற்றிலும் வேறு எண் காட்டியது. கஸ்டமர் கேரில் இருந்த தம்பி பொறுமையாகச் சொன்னார்:

"சார், உங்களுக்குப் பப்ளிக் ஐபியே கிடையாது சார். பலபேர் ஒரே ஐபியிலதான் இருக்கீங்க. வேணும்னா தனியா காசு கட்டி ஸ்டாடிக் ஐபி எடுத்துக்கலாம்."

அதாவது எங்கள் வீட்டுக்கு இணையத்தில் கதவு எண்ணே இல்லை. நாங்கள் வெளியே போகலாம். வெளியிலிருந்து யாரும் எங்களைத் தேடி வர முடியாது. இது எப்போதிலிருந்து இப்படி என்று தேடப் போனேன். கிடைத்த கதை நான் நினைத்ததைவிட நீளமானது.

எண் கொடுத்த காலம்

ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்று தொடர்புகொள்ள இரண்டு எண்கள் தேவை. ஐபி முகவரி எந்த இயந்திரம் என்று சொல்லும். போர்ட் எண், அந்த இயந்திரத்தில் ஓடும் எந்த நிரலுக்கு என்று சொல்லும். வலைப்பக்கத்துக்கு 80, மின்னஞ்சலுக்கு 25 என்பதெல்லாம் போர்ட் எண்கள்தான். ஓர் இயந்திரத்தில் 65,535 வரை உண்டு.

இந்த எண்களை யார் பங்கிட்டுக் கொடுப்பது? 1972 மே மாதம், அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் மாணவராக இருந்த ஜான் போஸ்டல் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். ஆர்எஃப்சி 349 என்பது அதன் எண். ஆர்பாநெட்டில் எண்களை ஒதுக்கித் தர ஒரு ராஜா வேண்டும் என்று அதில் யோசனை சொல்லிவிட்டு, அந்த ராஜா நானாக இருக்கலாமா என்று அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். அப்படியே ஆயிற்று. 1998-இல் இறக்கும்வரை உலகத்தின் இணைய எண்கள் பெரும்பாலும் அவரும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் வைத்திருந்த பட்டியலில்தான் இருந்தன.

அந்தக் காலத்து நம்பிக்கைக்கு ஓர் உதாரணம். 1995-இல் ஹெல்சிங்கியில் இருந்த தாது யுலோனென், தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடுபோனதைப் பார்த்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான நிரலை எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் மாற்றாக வருவதால் நடுவில் காலியாக இருந்த 22 கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று ஜூலையில் ஒரு மின்னஞ்சல் போட்டார். மறுநாளே ரெனால்ட்ஸ் கொடுத்துவிட்டார். இன்றைக்கு உலகத்தின் சர்வர்களில் பெரும்பாலானவை அந்த 22-இல்தான் காத்திருக்கின்றன. விண்ணப்பப் படிவம் இல்லை, கட்டணம் இல்லை.

ஐபி முகவரியும் முதலில் அப்படித்தான் வாரி வழங்கப்பட்டது. முகவரியின் நீளம் 32 பிட் என்று 1977-இல் வின்ட் செர்ஃப் முடிவு செய்தார். 128 பிட் வேண்டும் என்றும், நீளம் மாறக்கூடியதாக இருக்கட்டும் என்றும் வாதிட்டவர்கள் இருந்தார்கள். வாதம் முடிகிற மாதிரி தெரியவில்லை. இது ஒரு சோதனைதானே, 32 போதும் என்று அவர் முடித்துவைத்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 32 பிட்டில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள் வரும். அன்றைய உலக மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது குறைவாகத் தோன்ற வழியில்லை. 1981 செப்டம்பரில் அது ஆர்எஃப்சி 791 ஆக வெளிவந்தது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. சோதனை முடியவே இல்லை, அதுவே இணையமாகிவிட்டது.

கேட்டவர்களுக்கெல்லாம் மொத்தமாகக் கொடுத்தார்கள். எம்ஐடிக்கு 18-இல் தொடங்கும் எல்லா முகவரிகளும், ஆப்பிளுக்கு 17, ஃபோர்டு கார் கம்பெனிக்கு 19. ஒவ்வொன்றும் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள். எம்ஐடி தன் பங்கில் ஒரு பெரும்பகுதியை 2017-இல் விற்றது. புறம்போக்கு நிலத்தை முதலில் வந்தவர்கள் வளைத்துப்போட்டு, பின்னால் மனை போட்டு விற்ற கதைதான்.

1994: ஒட்டுப்போட்ட வருஷம்

1990களின் தொடக்கத்திலேயே முகவரிகள் தீரப்போகின்றன என்று தெரிந்துவிட்டது. நிரந்தரத் தீர்வு, நீளமான புது முகவரி. அது வர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க என்ன செய்வது?

1994 மார்ச்சில் ஆர்எஃப்சி 1597 ஒரு வழி சொன்னது. சில எண்களை யாருக்கும் சொந்தமில்லை என்று ஒதுக்கிவிடலாம். அவரவர் தங்கள் அலுவலகத்துக்குள் இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளட்டும், வெளியே மட்டும் வரக்கூடாது. 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, பிறகு நம் வீடுகளில் எல்லாம் இருக்கும் 192.168. இதில் 10 என்பது ஆர்பாநெட்டின் சொந்த எண். 1990-இல் ஆர்பாநெட்டை மூடியபின் அது காலியாகக் கிடந்தது. இணையத்தைப் பெற்ற தாயின் வீட்டு எண்ணைத்தான் இன்று ஆயிரக்கணக்கான அலுவலகங்கள் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

எதிர்ப்பு உடனே வந்தது. நாலே மாசத்தில், ஜூலையில், எலியட் லியர் உள்ளிட்ட நால்வர் ஆர்எஃப்சி 1627-ஐ வெளியிட்டார்கள். பத்தாம் எண் நெட்வொர்க் தீங்கானது என்பதே அதன் தலைப்பு. ஒவ்வொரு முகவரியும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்பது இணையத்தின் அஸ்திவாரம். அதைப் போய் அசைக்கிறீர்களே என்பது அவர்கள் வாதம். சண்டை ஓய்ந்து 1996 பிப்ரவரியில் திருத்திய வடிவம் ஆர்எஃப்சி 1918 ஆக வந்தபோது, அதை எழுதியவர்கள் பட்டியலில் அதே எலியட் லியரின் பெயரும் இருந்தது. தோற்றார் என்று சொல்வதா, நிலைமையைப் புரிந்துகொண்டார் என்று சொல்வதா, தெரியவில்லை. நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளே பொது எண் இல்லாத கம்ப்யூட்டர் வெளியே பேசுவது எப்படி? அதற்கான விடை 1994 மே மாதம் ஆர்எஃப்சி 1631 ஆக வந்தது. எழுதியவர்கள் செல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ். முகவரி மாற்றி, சுருக்கமாக நேட். வாசலில் ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டு, வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் உள்முகவரியை அழித்துப் பொதுமுகவரியை எழுதும். பதில் வரும்போது திருப்பி எழுதும்.

அந்த ஆவணத்தின் முடிவுரையை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நீண்டகாலத் தீர்வாக இருக்கத் தகுதியற்றது, குறுகிய காலத்துக்குக்கூட ஒத்துவருமா என்பது சோதித்தால்தான் தெரியும் என்ற பொருளில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தத் தற்காலிக ஏற்பாட்டுக்குத்தான் இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.

டெலிபோன் ஆபரேட்டர்

அதே சமயத்தில் ஜான் மேயஸ் என்பவர் இந்த வேலைக்கென்றே ஒரு பெட்டி செய்து விற்கக் கிளம்பினார். அதன் பெயர் பிக்ஸ். அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு பிபிஎக்ஸ் என்று பெயர் இல்லையா, அதைப்போல இணையத்துக்கு ஒன்று என்ற எண்ணத்தில் வைத்த பெயர். 1995-இல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கியது.

இந்த டெலிபோன் உவமையைப் பிடித்துக்கொண்டால் போர்ட் ஃபார்வர்டிங் முழுசாகப் புரிந்துவிடும். அலுவலகத்தில் ஐம்பது மேஜை, ஐம்பது எக்ஸ்டென்ஷன், வெளி லைன் ஒன்று. உள்ளிருந்து நீங்கள் வெளியே பேசினால் ஆபரேட்டர் இணைத்துக் கொடுப்பார். யார் யாரோடு பேசுகிறார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். நேட் பெட்டி குறித்துக்கொள்வது போர்ட் எண்ணை. வெளியே போகும்போது ஒவ்வொரு உரையாடலுக்கும் தனித்தனி போர்ட் எண் போட்டு அனுப்பும், பதில் எந்த எண்ணுக்கு வருகிறது என்று பார்த்து உரிய கம்ப்யூட்டருக்குத் தரும். நிரலைக் காட்டுவதற்காகப் போஸ்டல் பட்டியல் போட்ட போர்ட் எண், இங்கே கம்ப்யூட்டரைக் காட்டும் எண்ணாகவும் ஆகிவிட்டது.

ஆனால் வெளியிலிருந்து முதன்முதலாக ஒருவர் கூப்பிட்டால்? நோட்டில் குறிப்பே இல்லை. ஆபரேட்டர் போனை வைத்துவிடுவார். "8443 என்று கேட்டு யார் வந்தாலும் ஐம்பதாம் எக்ஸ்டென்ஷனுக்குக் கொடு" என்று முன்கூட்டியே அவரிடம் எழுதிக் கொடுப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். நேட் வருவதற்கு முன் இந்த வேலைக்குத் தேவையே இருக்கவில்லை, ஒவ்வொரு மேஜைக்கும் நேர் லைன் இருந்தது. ரவுட்டர் விளம்பரங்களில் இதைக் கூடுதல் வசதி மாதிரி எழுதுவார்கள். உண்மையில் சுவரை எழுப்பியபின் அதில் போட்ட ஓட்டை.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது நேட் ஆவணத்துக்கு வயது ஒன்றேகால். எம்ஐடிக்காரர்கள் கோடிக்கணக்கில் எண் வாங்கிக்கொண்ட பந்தி அதற்குள் எழுந்துவிட்டது.

பிள்ளைகள் கற்றுக்கொண்ட வித்தை

2000-ஐ ஒட்டி ப்ராட்பேண்டும் வீட்டு ரவுட்டரும் வந்தன. ஒரு இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் பங்குபோட்டுக்கொள்ள நேட் பெட்டி சாதாரணக் கடைச் சரக்காயிற்று. போர்ட் ஃபார்வர்டிங்கைக் கற்றுக்கொண்டவர்களில் எஞ்சினியர்களைவிடப் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகமாக இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். நண்பர்களோடு ஆடும் விளையாட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் நடத்த வேண்டுமென்றால் அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். 2001-இல் பிட்டோரன்ட் வந்தபின் 6881 என்ற எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு தலைமுறையே உருவானது. நானும் அதில் ஒருவன். எதை இறக்கினேன் என்று கேட்காதீர்கள்.

பலருக்கு இது தலைவலியாக இருந்ததால், நிரல்களே ரவுட்டரிடம் பேசி ஓட்டை போட்டுக்கொள்ளும் யுபிஎன்பி முறை 2001-இல் வந்தது. வசதிதான். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் எந்த நிரலும் யாரையும் கேட்காமல் வாசலைத் திறக்கலாம் என்று ஆயிற்று. 2003-இல் வந்த ஸ்கைப், நேட் சுவர்களைத் தாண்டும் தந்திரங்களைத் தானே செய்துகொண்டது. பயனாளி எதையும் தொடவேண்டியதில்லை. அது பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுவருக்கு ஒரு நன்மையும் இருந்ததை மறைக்கக்கூடாது. கேட்காமல் வருபவர்களை அது நிறுத்தியது. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற பல தளங்கள் மணிக்கணக்கில் எட்டாமல் போயின. காரணம் மிராய் என்ற தீநிரல். வெளியிலிருந்து எட்டக்கூடிய கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் போய், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைந்து, அவற்றையெல்லாம் படையாகத் திரட்டி, தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டின் என்ற நிறுவனத்தின் மேல் ஏவினார்கள். கடையின் கேமராவை மொபைலில் பார்க்க வேண்டுமென்று போர்ட் திறந்துவிட்டு, பாஸ்வேர்டை "அட்மின்" என்றே விட்டிருப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த போர்ட்டைக் கண்டுபிடிக்க யாரும் உங்கள் பெயரைத் தேட வேண்டியதில்லை. உலகத்தின் எல்லா முகவரிகளையும் தட்டிப் பார்க்கும் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே ஒரு போர்ட், நல்ல பாஸ்வேர்டு, புதுப்பித்த மென்பொருள், வேலை முடிந்ததும் விதியை அழிப்பது. இதில் எதையும் விடக்கூடாது.

இரண்டாவது சுவர்

2011 பிப்ரவரி 3 அன்று மத்தியத் தொகுப்பில் மிஞ்சியிருந்த கடைசி ஐந்து பெரிய துண்டுகளை ஐந்து கண்டங்களின் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். நம் ஆசிய பசிபிக் பதிவகம்தான் முதலில் கடைசித் துண்டைத் தொட்டது, அதே வருஷம் ஏப்ரல் 15. அதன்பின் ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்று ரேஷன். லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களைப் பிடிக்கவேண்டிய கம்பெனிக்கு அது எந்த மூலைக்கு?

அதனால் நம் வீட்டு ரவுட்டர் செய்ததையே இணைப்புக் கம்பெனிகள் ஊர் அளவில் செய்தன. நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரி. அதற்கு முன்னால் கம்பெனிக்குச் சொந்தமான ஒரு பெரிய நேட் பெட்டி. இந்த நடுப்பகுதிக்கென்றே 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 ஓர் எண் வரிசையை ஒதுக்கியது: 100.64 முதல் 100.127 வரை.

என் ரவுட்டரில் நான் பார்த்த 100.72 அங்கிருந்து வந்ததுதான். என் வீட்டு ஆபரேட்டரிடம் நான் எழுதிக் கொடுத்த சீட்டு சரியாகத்தான் இருந்தது. அவருக்கு வெளி லைனே இல்லை. அவரே இன்னொரு பெரிய எக்ஸ்சேஞ்சின் எக்ஸ்டென்ஷன். அந்தப் பெரிய ஆபரேட்டரிடம் சீட்டு கொடுக்க எனக்கு உரிமை கிடையாது.

1994-இல் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் அஞ்சியது இதைத்தான் என்று தோன்றுகிறது. இரண்டு இயந்திரங்கள் சமமாகப் பேசிக்கொள்ளத்தான் இணையம் கட்டப்பட்டது. முதல் சுவர் வந்தபோதாவது வீட்டுக்காரன் கையில் சாவி இருந்தது. இரண்டாவது சுவரின் சாவி கம்பெனியிடம். அதன்பின் எங்கள் அப்பாவின் பேரேட்டை அக்காவுக்குக் காட்டக்கூட, நடுவில் இடம் வாடகைக்கு விடும் யாரோ ஒருவர் வேண்டியிருக்கிறது. ஐபி எண் தீர்ந்தது யாருடைய சதியும் இல்லை. ஆனால் அந்தப் பற்றாக்குறையில் யார் கேட்பவர்கள், யார் பரிமாறுபவர்கள் என்பது தானாகவே முடிவாகிவிட்டது.

நிரந்தரத் தீர்வு 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஐபிவி6, 128 பிட், 39 இலக்கங்கள் கொண்ட எண்ணிக்கையில் முகவரிகள். தற்காலிக ஏற்பாடு அவ்வளவு நன்றாக வேலை செய்ததால் நிரந்தரத்துக்கு யாரும் அவசரப்படவில்லை. தாமதமாக வந்தாலும் இந்தியா இதில் முன்வரிசையில் இருக்கிறது. 2016-க்குப் பிறகு இங்கே புதிதாக வந்த கோடிக்கணக்கான மொபைல் இணைப்புகளுக்குக் கொடுக்கப் பழைய எண் இல்லை என்பதே காரணம்.

அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி ரவுட்டரைத் திறந்தேன். ஐபிவி6 என்ற பகுதியை அதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பார்த்தால், லேப்டாப்புக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றான சொந்த முகவரி ஏற்கெனவே இருந்தது. அங்கே ஃபார்வர்டிங் எதுவும் வேண்டியதில்லை. ஃபயர்வாலில் "இந்த லேப்டாப்பின் 8443-க்கு மட்டும் அனுமதி" என்று ஒரு வரி போதும். முகவரியின் முன்பாதியைக் கம்பெனி அவ்வப்போது மாற்றிவிடும் என்பது தொல்லைதான். மாறும்போது புதுசை அனுப்பிக்கொள்ளலாம்.

அக்காவின் வீட்டு வைஃபையில் திறக்கவில்லை. மொபைல் டேட்டாவில் திறந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"என்னக்கா, தெரியுதா?"

"தெரியுதுடா. எழுபத்தி நாலாம் வருஷத்து நோட்டு. இந்தப் பக்கம் அப்பா எழுத்து இல்லடா, அம்மா எழுதினது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து கடைக்கு வராத வாரம்."

ஸ்கேன் செய்தது நான். எனக்கு அது தெரியவே தெரியாது.